சத்திரசிகிச்சைக்கு முந்திய சனிக்கிழமை

என்னுடைய நாக்கில் பெரும்பகுதியை வெட்டி எடுப்பதற்கு நான்கு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை மதியம், நானும் என் கணவரும் ஒரு பழைய இத்தாலிய உணவகத்துக்குப் போனோம். போகவேண்டும் என்று அடம்பிடித்தவள் நான்தான். அவர் கோயிலுக்குப் போகலாம் என்றார்.

நான் ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். வைத்தியருக்கும் ஆங்கிலம் தெரியாத தமிழ் நோயாளிக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அவர் சொல்வதை இவருக்கும் இவர் சொல்வதை அவருக்கும் சொல்கிற வேலை. பதினொரு வருடம் செய்தேன். நியூசிலாந்தின் ஒக்லாந்தில் தமிழ் ஒரே தமிழ் இல்லை. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவருக்கு "ஓம்" சொன்ன வாயால் அடுத்த அறையில் மதுரைக்காரர் ஒருவருக்கு "ஆமா" சொல்லவேண்டும். மலேசியாவிலிருந்து வந்தவர்களுடைய பேச்சு இரண்டிலும் சேராது. எனக்கு அதெல்லாம் சுலபமாக வரும். அந்த வேலையில் ஒரு விதி உண்டு. யார் பேசினாலும் அவராகவே பேசவேண்டும். "வைத்தியர் வருந்துகிறாராம்" என்று சொல்லக்கூடாது. அவர் "நான் வருந்துகிறேன்" என்றால் நானும் "நான் வருந்துகிறேன்" என்றுதான் சொல்லவேண்டும். குரல் நடுங்கக்கூடாது, கண் கலங்கக்கூடாது. புற்றுநோய் என்ற சொல்லை எத்தனையோ பேருடைய முகத்துக்கு நேரே நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

என் நாக்கின் இடது ஓரத்தில் பருப்பளவு புண் ஒன்று வந்தபோது, கடைவாய்ப்பல் உரசுகிறது என்றுதான் நினைத்தேன். மருந்துக்கடைக் களிம்பைப் பூசிக்கொண்டு நான்கு மாதம் வேலைக்குப் போனேன். பகல் முழுவதும் மற்றவர்களுடைய நோயைக் கதைத்துவிட்டு வருகிறவளுக்குத் தன் வாயைத் திறந்து பார்க்க மனம் வராது. "பள்ளம்", "பழம்" போன்ற சொற்களைச் சொல்லும்போது நாக்கை மடிக்க முடியாமல் வலித்தபிறகுதான் காட்டினேன்.

பரிசோதனை முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்று, அங்கே வேலை செய்யும் தாதி ஒருவர் என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வந்து, "இன்றைக்கு யாருக்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "எனக்காக" என்றேன். அவர் கையிலிருந்த கோப்பின் மேலட்டையைப் பார்த்தார். அதில் என் பெயர் இருந்தது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

சத்திரசிகிச்சை நிபுணர் வயது குறைந்த பெண். படம் வரைந்து காட்டி நிதானமாக விளக்கினார். என் கணவருக்கு ஆங்கிலம் தெரியும். த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் ஒரு பெரிய கடையில் மேற்பார்வையாளராக நாள் முழுவதும் ஆங்கிலத்தில்தான் கதைக்கிறார். ஆனால் அந்த அறையில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் பக்கம் திரும்பி, "என்னவாம்?" என்று கேட்டார்.

நான் பழக்கத்தில் சொல்லத் தொடங்கிவிட்டேன். "நாக்கிலை மூன்றிலை இரண்டு பங்கை எடுக்கவேணும். தொடையிலை இருந்து சதை எடுத்து அந்த இடத்திலை வைச்சுத் தைப்பம். கதைக்கிறது கஷ்டமாயிருக்கும். விழுங்கிறதைப் பற்றி இப்ப ஒண்டும் உறுதியாச் சொல்லேலாது."

என் குரல் நடுங்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆருடைய நாக்கிலை?" என்றார்.

அந்த இத்தாலிய உணவகம் ஆஸ்பத்திரிக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில், நான் வேலை முடிந்து மவுண்ட் ஆல்பர்ட்டுக்கு ரயில் பிடிக்கப் போகும் வழியில் இருந்தது. சுற்றியிருந்த கடைகள் எல்லாம் மாறிவிட்டன. அது மட்டும் மாறவில்லை. கண்ணாடிக்கு உள்ளே வெள்ளை மேசைவிரிப்புகள், சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்கள். பின்நேரங்களில் கறுப்பு மேலங்கி போட்ட வயதான பரிமாறுபவர் ஒருவர் யன்னலோரத்தில் இருந்து துணிக்கைக்குட்டைகளை மடித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் போகவேண்டும் என்று நினைத்ததுண்டு. ஆனால் வீட்டில் சோறு காத்துக்கொண்டிருக்கும். பதினொரு வருடம் போனது தெரியவில்லை.

புண் வந்த நாளிலிருந்து உறைப்பு வாயில் வைக்க முடியவில்லை. தயிர்ச்சோறும் பால்கஞ்சியுமாகத்தான் இருந்தேன். இத்தாலியச் சாப்பாட்டில் மிளகாய்த்தூள் இல்லை, எல்லாம் மெதுவாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். எங்களுடைய சாப்பாட்டை எனக்குப் பக்கத்தில் வைத்தால் அழுதுவிடுவேன் என்றும் பயம். அறிந்திராத ஒன்று என்றால் அழவேண்டியதில்லை.

"இந்த நேரத்திலை ஆரும் ரெஸ்டோரண்டுக்குப் போவினமே?" என்றார் அவர். ஒப்பரேஷன் முடியும்வரை மச்ச மாமிசம் சாப்பிடுவதில்லை என்று அவர் நேர்ந்திருந்தார். "கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்திட்டு வருவம்."

"கடவுளுக்குச் சொல்லவேண்டியதெல்லாம் சொல்லியாச்சு. நான் இருந்து சாப்பிடப் போறன். நீங்கள் வாறியளோ இல்லையோ?"

வந்தார். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

உள்ளே உள்ளிப்பூண்டு வாசமும் வெண்ணெய் வாசமும் கலந்து அடித்தது. பகலிலும் மேசைகளில் மெழுகுதிரி. பின்சுவரோரம் ஒரு பெரிய குடும்பம் யாருடையதோ பிறந்தநாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. கறுப்பு மேலங்கிக்காரர் வந்து எனக்குக் கதிரையை இழுத்துக் கொடுத்தார். "சிக்னோரா" என்றுதான் என்னைக் கூப்பிட்டார். அவருடைய நாட்டில் அம்மா என்பதுபோல மரியாதையாகச் சொல்கிற சொல். கிட்டத்தில் பார்த்தால் எழுபது வயது தாண்டியவர். ஆங்கிலத்தில் இன்னும் இத்தாலி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தில் கேட்டேன், எது மெதுவாக இருக்கும் என்று. உருளைக்கிழங்கு மாவில் பிடித்த சிறிய உருண்டைகள் இருக்கின்றன, பல்லே தேவையில்லை என்றார். அதையே கொண்டுவரச் சொன்னேன். என் கணவர் காய்கறி அடுக்கிச் சுட்ட ஒன்றைக் கேட்டார்.

உருண்டைகள் வந்தன. மேலே சிவப்பாகத் தக்காளிக் குழம்பு. பரிமாறுபவர் பாலாடைக்கட்டியை மேசையருகே நின்றே துருவிப் போட்டார். பனி மாதிரி விழுந்தது. ஆசையாக இருந்தது. ஒரு உருண்டையை எடுத்து வலப்பக்கமாக வாயில் வைத்தேன்.

மிளகாயைப் பற்றி யோசித்தவள் தக்காளிப் புளியைப் பற்றி யோசிக்கவில்லை. புண்ணில் அது பட்டதும் காதுவரை நெருப்பு ஓடியது. துப்பமுடியாது, வெள்ளை விரிப்பு. விழுங்கினேன்.

"என்ன, நோகுதோ?" என்றார் அவர்.

"இல்லை. சூடு."

இரண்டாவதை வைத்தேன். மூன்றாவதை வைத்தேன். கண்ணால் தண்ணீர் வடிந்தது. குழம்பை ஒற்றி எடுக்கலாம் என்று பாண் ரொட்டித் துண்டைக் கடித்தேன். அதன் மொறுமொறுப்பு புண்ணைக் கீறியது. கைக்குட்டையில் துடைத்துப் பார்த்தால் தக்காளிச் சிவப்பும் இரத்தச் சிவப்பும் பிரித்தறிய முடியாமல் இருந்தன. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

வாயால் சாப்பிடுவதற்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது ஏற்கனவே முடிந்துவிட்டது என்பது அந்த மேசையில்தான் தெரிந்தது.

"நான் ஒருக்கா முகம் கழுவிட்டு வாறன்" என்று எழுந்து போனேன். கழுவறைக் கண்ணாடியின் முன் நின்று, வைத்தியருக்குக் காட்டுவதுபோல நாக்கை நீட்டிப் பார்த்தேன். அந்தப் புண்ணைத் தவிர்த்துப் பார்த்தால் நல்ல நாக்கு. சின்ன வயதில் நாவல்பழம் தின்றுவிட்டு நீட்டிப் பார்த்த அதே நாக்கு. அதுவரை நான் எல்லோருக்கும் தைரியமாகத்தான் தெரிந்தேன். எனக்கும் அப்படித்தான் தெரிந்தேன். அங்கே நின்றுதான் முதல்முறையாகப் பயந்தேன். குளிர்ந்த தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது பரிமாறுபவர் மேசையருகே நின்றார். என் தட்டு அப்படியே இருந்தது. "சரியில்லையா, சிக்னோரா? வேறு ஏதாவது கொண்டுவரட்டுமா?" என்று கேட்டார். கவலையாகத்தான் கேட்டார்.

நாங்கள் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. கோயிலில் தெரிந்தவர்களுக்குப் பல் வைத்தியம் என்று சொல்லிவைத்திருந்தோம். ஆனால் அந்த மனிதரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். புதன்கிழமை என் நாக்கை வெட்டப்போகிறார்கள், உங்கள் சாப்பாட்டில் பிழையில்லை, இந்தக் கடையைப் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் வந்தேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பரிமாறுபவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு ஆழமான கிண்ணம் இருந்தது. தெளிந்த கோழிச்சாறு. அதில் சவ்வரிசி அளவில், நட்சத்திர வடிவத்தில் மாவுமணிகள் மிதந்தன. கொஞ்சம் வெண்ணெய் உருகியிருந்தது. "இது பட்டியலில் இல்லை. காய்ச்சல் வந்தால் எங்கள் வீட்டில் செய்து தருவார்கள். சூட்டை ஆற்றித்தான் கொண்டுவந்தேன்" என்றார்.

அது எரியவில்லை.

உப்பு சரியாக இருந்தது. அந்த மணிகளை நாக்கு நசுக்கவேண்டியதே இல்லை, தாமாகவே வழுக்கிப் போயின. பிறகு எத்தனையோ முறை அந்தச் சுவையை நினைவில் திரட்டப் பார்த்திருக்கிறேன். உப்பு, வெண்ணெய், கொஞ்சம் மிளகு என்று சொற்கள்தான் வருகின்றன.

ஒரு கிண்ணத்தைக் குடித்து முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. கதைத்தால் வலித்தது. "நீங்கள் ஏதாவது கதையுங்கோ" என்றேன்.

"என்னத்தைக் கதைக்கிறது?"

"என்னெண்டாலும். எனக்கு உங்கடை குரல் கேக்கவேணும்."

அவர் மெழுகுதிரியைப் பக்கத்துக்குத் தள்ளிவைத்தார். பிறகு, வீட்டுக் கூரையின் பின்பக்கத்தில் தண்ணி ஓடுகிற பீலி அடைத்திருப்பதாகவும், மழைத்தண்ணி சுவரால் வழிவதாகவும், ஏணி வைத்து ஏறித் துப்புரவாக்க வேண்டும் என்றும் சொன்னார். அதைப் பற்றியே பத்து நிமிடம் கதைத்தார். இருபத்தாறு வருடம் ஒன்றாக வாழ்ந்துவிட்டு, நான் திருப்பிப் பதில் சொல்லக்கூடிய கடைசிச் சனிக்கிழமையில், இந்த மனிதர் பீலியைப் பற்றிக் கதைக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் அடுத்த கரண்டியை எடுத்தேன். அவருடைய சாப்பாட்டில் அவர் கைவைக்கவே இல்லை என்பதை எழும்பும்போதுதான் கவனித்தேன்.

மகள் வெலிங்டனிலிருந்து அடுத்த நாள் வந்தாள். இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், எங்கள் இருவருக்கும் அதில் சிரமம் இல்லை. பேச்சுப் பயிற்சியாளர் என் குரலைப் பதிவுசெய்து வைக்கச் சொல்லியிருந்தார். மகள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தாள். "சாகப்போறவள் மாதிரி இதென்ன?" என்று எரிந்து விழுந்து எழுந்து போய்விட்டேன். இப்போது என் குரல் எங்கேயும் இல்லை.

சத்திரசிகிச்சை பதினொரு மணித்தியாலம். பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. என் வாய்க்குள் இப்போது இருப்பது என் தொடைத் தசை. அது அசையாது. விழுங்க முடிகிறதா என்று பார்க்க, எக்ஸ்ரேக்கு முன்னால் இருத்தி வெள்ளைத் திரவம் ஒன்றைத் தந்தார்கள். திரையில் நானும் பார்த்தேன். ஒரு கரண்டி திரவம் போகவேண்டிய குழாயை விட்டுவிட்டு, நேரே மூச்சுக் குழாய்க்குள் இறங்கியது. மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். அப்போதும் அப்படித்தான். வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள். பால் நிறத்தில் ஒரு திரவத்தைக் கம்பியில் தொங்கவிட்டால் அது சொட்டுச் சொட்டாக இறங்கும். வயிறு நிறையும், ஆனால் பசி தீராது. இப்படி ஒரு பசி இருப்பது எனக்கு முன்பு தெரியாது.

நான் கதைத்தால் மகளுக்குப் பாதி விளங்கும். அவளுடைய பெயரில் நாக்கை மடித்துச் சொல்லவேண்டிய எழுத்து இரண்டு இருக்கிறது. அவளை நான் இப்போது கையைத் தட்டித்தான் கூப்பிடுகிறேன்.

எட்டு மாதம் கழித்து அவளுக்கு நல்ல வேலை ஒன்று ஒக்லாந்திலேயே கிடைத்தது. எங்களோடு வந்து இருந்தாள். அதைக் கொண்டாட அந்த இத்தாலிய உணவகத்துக்குப் போகலாம் என்றாள். "அம்மாவுக்கு அந்த இடம் பிடிக்கும்" என்று ஆங்கிலத்தில் தகப்பனிடம் சொன்னாள். எச்சில் வடியும், துணியை வாயில் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும், நான் வரவில்லை என்று, கதைப்பதற்குப் பதிலாக வைத்திருக்கும் சின்ன எழுதுபலகையில் எழுதிக் காட்டினேன். அவளுடைய முகம் வாடியது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவர்களோடு போனேன்.

கறுப்பு மேலங்கிக்காரர் அங்கேதான் இருந்தார். எனக்குக் கழுத்தில் தழும்பு, ஒட்டிய கன்னம், பாதி எடை. அப்படியிருந்தும் என்னைக் கண்ட உடனே அடையாளம் கண்டுகொண்டார். "சிக்னோரா!" என்று இரண்டு கையையும் விரித்தார். என் கையைப் பிடித்து, "வந்துவிட்டீர்கள், வந்துவிட்டீர்கள்" என்றார். அவருடைய சந்தோஷத்தில் கள்ளமில்லை. நான் தலையை ஆட்டினேன். யாரும் ஒன்றும் விளக்கிச் சொல்வதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

எதைக் கொண்டுவரப் போகிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மகளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவளுக்கு விளங்கவில்லை.

அவர் அதே ஆழமான கிண்ணத்தோடு வந்தார். ஆவி பறந்தது. எனக்கு முன்னால் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, நான் முதல் கரண்டியை எடுப்பதைப் பார்க்க நின்றார்.

மணம் மட்டும் வந்தது. மூக்கை அவர்கள் வெட்டவில்லை. வாய் ஊறியது. ஊறியதை விழுங்க முடியாமல் முகவாயால் வழிந்து வெள்ளை விரிப்பில் விழுந்தது. துணியை எடுக்கப்போன கை கரண்டியைத் தட்டிவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் பார்த்தார்கள்.

"அவவாலை சாப்பிடேலாது" என்றார் என் கணவர். தமிழில் சொன்னார். பரிமாறுபவருக்குத் தமிழ் தெரியாது என்பதே அவருக்கு நினைவில்லை. மகள்தான் ஆங்கிலத்தில், மெதுவாக, இனி எப்போதும் முடியாது என்றாள்.

பரிமாறுபவர் கிண்ணத்தைத் தூக்கினார். "மன்னியுங்கள், மன்னியுங்கள்" என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த நல்ல மனிதரை அப்படிக் கூனிக் குறுகிப் போகவைத்தது நான்தான் என்று தோன்றியது. சொல்வதற்கு எனக்கு வாயில்லை. நாங்கள் ஒன்றும் சாப்பிடாமலே எழுந்து வந்தோம். காரில் மகள் அழுதாள். நான் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் யாரும் எனக்கு முன்னால் சாப்பிடுவதில்லை. அப்படி அவர்கள் பேசி முடிவெடுத்தார்களா, தானாக நடந்ததா தெரியாது. மகள் வெளியில் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். குசினியில் தாளிக்கிற சத்தம் இல்லை. சாப்பாட்டு மேசையில் என்னுடைய திரவப் பெட்டிகளும் மாத்திரைகளும்தான் இருக்கின்றன. அவர் எங்கே, எப்போது சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டு எழுதினால், "சாப்பிட்டிட்டன்" என்பார். அவருடைய உடம்பு மெலிந்துகொண்டே போனது.

போன மாதம் எடுத்த ஸ்கானில் கழுத்தின் மற்றப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்றார்கள். இந்தமுறை வெட்டுவதில்லையாம். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அதைப் பலமுறை தமிழில் சொல்லியிருக்கிறேன். என் கணவருக்கு மகள்தான் சொன்னாள்.

போன ஞாயிறு மதியம் நல்ல மழை. குசினி யன்னலால் பார்த்தேன். வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த காருக்குள் அவர் இருந்தார். எங்கேயும் போகப் புறப்பட்டவர்போல இல்லை. கண்ணாடிகள் நான்கும் மூடியிருந்தன, உள்ளே ஆவி படிந்திருந்தது. ஸ்டீயரிங்கில் சாத்தி ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வைத்துக்கொண்டு, குனிந்து, கையால் சோறு தின்றுகொண்டிருந்தார். அவசர அவசரமாகத் தின்றார்.

நான் குடை எடுக்காமல் போய் மற்றப் பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறி இருந்தேன். பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் மணத்தன. அவர் திடுக்கிட்டுப் பெட்டியை மூடினார். களவெடுத்துப் பிடிபட்டவர் முகம் மாதிரி இருந்தது.

சாப்பிடுங்கோ என்றேன். என்னுடைய வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ சத்தம்.

"என்ன? என்ன சொல்லுறீர்?"

திரும்பச் சொன்னேன். கொஞ்சம் பலமாகச் சொன்னேன்.

"விளங்கேல்லையப்பா" என்றார். "பலகையைக் கொண்டு வரேல்லையே?"

பலகை குசினியில் இருந்தது. நான் பெட்டியின் மூடியைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குழம்பு காய்ந்த விரல்களை விரித்தபடி, கையைத் தூக்காமல் இருந்தார். மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. நாங்கள் இருவரும் அப்படியே இருந்தோம்.